பிரேக்கா ரேடியோவா என்று அம்மனைக் கேட்டது

உ

கீழ்ப்பிரிவு கிராணி வீடு,
கேமரன் மலை.
16-1-1978, திங்கட்கிழமை.

என்றும் என் நலமே நினைக்கும் அண்ணன் சிங்காரம் அவர்களுக்குத் தங்கை வடிவம்மாள் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நான், உங்கள் மாப்பிள்ளை, மகள் நவமணி, கார்த்திகையில் எங்கள் வீட்டுக்கு வந்த கார் ஆகிய நால்வரும் மாரியம்மன் புண்ணியத்தில் சௌக்கியம். காருக்கு மட்டும் முன்பக்கம் கொஞ்சம் வீக்கம், அதைப் பின்னால் எழுதுகிறேன். அங்கே நீங்களும் அண்ணி சரோஜாவும் பிள்ளைகளும், பூச்சு வேலை நடக்கிற புது வீடும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. கார் கோயிலை இடித்துவிட்டதாமே, அம்மன் சிலை சாய்ந்துவிட்டதாமே, நீ நோட்டைக் காட்டிப் பூசாரியை மிரட்டினாயாமே என்று கேட்டிருந்தீர்கள். இதெல்லாம் செல்லையா சொன்னது என்று எனக்குத் தெரியும். வாரத்தில் மூன்று நாள் திரிங்காப்பில் கோசு ஏற்றிக்கொண்டு உங்கள் தாப்பாவுக்கு லோரியில் இறங்குகிறவன் வேறு யார். அவன் நல்லவன்தான், ஆனால் மேலே ஏற்றின கதை முப்பத்தெட்டு மைல்கட்டை தூரம் வளைந்து வளைந்து உங்களிடம் வந்து சேர்வதற்குள் இரண்டு மடங்காகிவிடும். ஆகையால் அன்றைக்குக் கோயிலில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன், நாளைக்கு ஒருவரும் மாற்றிப் பேச முடியாது. 6-1-1978 வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. இருந்தவர்கள்: உங்கள் மாப்பிள்ளை அமிர்தலிங்கம், தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிற கிராணி, கோயில் செயலாளர். நான். நவமணி. பூசாரி கருப்பையா. பக்கத்து வீட்டு ருக்குமணி. லோரி செல்லையா. இவர்களோடு மாரியம்மன். மொத்தம் ஏழு பேர். கார் மேலே பாதையில் நின்றது, அதை முதலில் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்திருக்க வேண்டும்.

காரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். பழைய துரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது கொட்டகையில் விட்டுப்போன கார். 1954-ல் கப்பலில் வந்ததாம். பச்சை நிறம், தேயிலைக்குள் நிறுத்தினால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முன்பக்கம் உருண்டையாக, வெள்ளிப் பல் வரிசையோடு, சிரிக்கிற மாதிரி இருக்கும். இடது பக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்காது, ஆகையால் நான் இறங்க வேண்டும் என்றால் யாராவது வெளியே வந்து திறந்துவிட வேண்டும். ருக்குமணி அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, துரைசாணி மாதிரி இறங்குறீங்க" என்றாள். உங்கள் மாப்பிள்ளை இருபத்திரண்டு வருஷம் அந்தக் காரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கணக்கு எழுதியவர். புது மேனேஜர் அதை விற்கப்போகிறார் என்று தெரிந்ததும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிவிட்டார். வாங்கின முதல் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கொட்டகைக்குள்ளேயே காரில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் ஹாரன் அடித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்த முகத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை, அதனால் சோற்றைக் கொட்டகைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்தக் காருக்குப் பிரேக் இல்லை அண்ணே. இல்லை என்றால் அடியோடு இல்லை என்று அர்த்தமில்லை. காலால் மூன்று முறை அமுக்கினால் நான்காவது முறை யோசிக்கும். கை பிரேக் என்பது பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, அவ்வளவுதான். நிறுத்தினால் உடனே சக்கரத்துக்கு முன்னால் கல் வைக்க வேண்டும், அதற்கென்றே ஒரு கருங்கல்லைக் காருக்குள்ளேயே எடுத்துக்கொண்டு போவோம். இதை உங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னால், "கியர்ல நிப்பாட்டிக்கலாம் லா, துரை அப்படித்தானே ஓட்டினாரு" என்பார். துரை தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் நடுவே அரைக் கட்டை சமதரையில் ஓட்டினார். நாங்கள் மலையிறங்கி உங்கள் புது வீட்டுப் பால் காய்ச்சுக்கு வர வேண்டும்.

அதுதான் விஷயம். பிப்ரவரி மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஆறேகாலுக்கு முகூர்த்தம் என்று எழுதிவிட்டீர்கள். கூடப் பிறந்தவள் வந்து பால் காய்ச்ச வேண்டும், உங்களுக்கு நான் ஒருத்திதான் தங்கை. முதல் பஸ் தாப்பாவுக்கு வரும்போது பத்து மணி ஆகும், அதற்குள் பால் காய்ந்து, பொங்கி, வந்தவர்கள் குடித்து, டம்ளர் கழுவி வைத்திருப்பார்கள். முன்தினமே வரலாம் என்றால் உங்கள் மாப்பிள்ளைக்கு அது சம்பளக் கணக்கு முடிக்கிற நாள், மேனேஜர் வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் லீவு கொடுத்திருக்கிறார். நான் மட்டும் பஸ்ஸில் முன்னால் வரலாம் என்றால், அந்த வளைவுகளில் எனக்கு என்ன ஆகும் என்பது உங்கள் தெருவுக்கே தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கோசு லோரியில் ஏறி வந்து உங்கள் வாசலில் இறங்கி நான் வாந்தியெடுத்ததும், அண்ணியின் தங்கச்சி, "கோசு மூட்டையோட மூட்டையா வந்து எறங்கிட்டாங்க" என்று சொன்னதும் உங்களுக்கு மறந்திருக்கலாம். உங்கள் மாப்பிள்ளைக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் உங்கள் வீட்டுக்கு வராத காரணம் வேலை அல்ல, அந்த ஒரு வார்த்தைதான். இந்தப் பத்தியை மட்டும் அண்ணிக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

வீட்டுக்குப் பின்னால் பீன்ஸும் வெங்காயத்தாளும் போட்டு விற்று நான் பிஸ்கட் டின்னில் சேர்த்தது இருநூற்று எண்பத்து நாலு வெள்ளி. அதில் காருக்கு ஒரு காரியம்தான் செய்யலாம், இரண்டு செய்ய முடியாது. ஒரே ஒரு காரியம் என்று தெரிந்தவுடன் தோட்டத்தின் இந்தப் பிரிவில் ஆளுக்கொரு யோசனை கிளம்பிவிட்டது. உங்கள் மாப்பிள்ளைக்கு ரேடியோ. வெறுமனே ரேடியோ இல்லை, உங்கள் தெருமுனையில் திரும்பும்போதே சத்தமாகப் பாட்டு வர வேண்டும், கதவைத் திறந்து இறங்கும்போதும் அது பாடிக்கொண்டிருக்க வேண்டும், அண்ணியின் தங்கச்சி வாசலில் நிற்க வேண்டும். நவமணிக்குச் சிவப்புப் பெயிண்ட், ஜன்னலுக்குத் திரை. செல்லையாவுக்கு முன்னால் மஞ்சள் பனி விளக்கு, அது ஒன்றுதான் கொஞ்சம் புத்தியுள்ள யோசனை. ருக்குமணிக்கு மேலே சாமான் கட்டுகிற கேரியர், ஏனென்றால் தாப்பாவில் அவளுடைய நாத்தனாருக்கு ஒரு மூட்டை உருளைக்கிழங்கு கொடுத்தனுப்ப வேண்டும். பூசாரி கருப்பையாவுக்குப் பின்பக்கம் ஒரு இரும்புக் கொக்கி, திருவிழாவுக்கு அம்மன் ரதத்தைக் காரில் கட்டி இழுக்கலாமாம். பிரேக் என்று சொன்னது நான் ஒருத்தி. ஆறு பேரில் ஒருத்தி. "வண்டி போறதுக்குத்தானே வடிவு வாங்கறோம், நிக்கிறதுக்கா வாங்கறோம்" என்றார் உங்கள் மாப்பிள்ளை.

மூன்று நாள் வீட்டில் இதே பேச்சு. நான்காம் நாள், வெள்ளிக்கிழமை, இனி இதை அம்மனிடமே கேட்டுவிடலாம் என்று சொன்னவரும் அவர்தான், நான் இல்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் கோயிலில் பூ கேட்பது எப்படி என்று உங்களுக்குத் தெரிந்ததுதான். அம்மனின் இரண்டு தோளிலும் சந்தனம் வைத்து ஈரப் பூ ஒவ்வொன்று ஒட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்பார் பூசாரி. வலது தோள் பூ விழுந்தால் சம்மதம், இடது தோள் பூ விழுந்தால் கூடாது. ஒரே தடவையில் ஆறு யோசனையைக் கேட்க முடியாது, ஒவ்வொன்றாகக் கேட்கலாம், முதலில் செயலாளருடைய ரேடியோ என்று கருப்பையா சொன்னார். கிராணிதானே கோயிலுக்கு வருஷா வருஷம் தோட்டத்துப் பணம் வாங்கிக் கொடுக்கிறார், அந்த மரியாதை. காருக்கும் அப்படியே திருநீறு போட்டுவிடலாம் என்று உங்கள் மாப்பிள்ளை அதை மேலே பாதையிலிருந்து கோயிலை நோக்கி இறங்குகிற சரிவில், மூக்கு அம்மனைப் பார்த்தபடி நிறுத்தி, முன் சக்கரத்துக்குக் கல்லை வைத்துவிட்டு வந்தார்.

பூ ஒட்டியாயிற்று. தீபம் காட்டியாயிற்று. "தாயே, கிராணி வண்டிக்கு ரேடியோ வைக்கலாமா" என்று கருப்பையா கேட்டாயிற்று. பூ விழவில்லை. கால் மணி, அரை மணி, முக்கால் மணி ஆயிற்று. இந்தக் குளிரில் சந்தனம் உறைந்து பசை மாதிரி ஆகிவிடும், பூ எப்படி விழும். பனி இறங்கி, எதிரே நிற்கிற ருக்குமணியின் முகம் தெரியவில்லை, அவள் பல் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. செல்லையா இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு ரேடியோ பிடிக்கல போல கிராணி, பனி லைட்டு கேட்டுப் பாருங்களேன்" என்றான். உங்கள் மாப்பிள்ளை, "ஒரு தேங்காய் உடைங்க பூசாரி, அம்மா எறங்கி வருவா" என்றார். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அம்மா இறங்கி வருவாள் என்று அவர்தான் சொன்னார்.

தேங்காய் இருந்தது, உடைக்கக் கல் இல்லை. பொங்கலுக்காக முன்தினம்தான் வாசலில் சிமெண்ட் போட்டு, தேங்காய்க் கல்லைச் சுற்றி ஈரமாக இருந்தது, கால் வைத்தால் பதியும். கருப்பையா தேங்காயோடு பனிக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் நல்ல உருண்டைக் கருங்கல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "எவனோ பாதையில அருமையான கல்லைப் போட்டு வெச்சிருக்கான்" என்று சொல்லிக்கொண்டே தேங்காயை ஓங்கி உடைத்தார். சரிபாதியாக உடைந்தது. நல்ல சகுனம் என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். நவமணிதான் அந்தக் கல்லைக் குனிந்து பார்த்துவிட்டு மெதுவாக, "அப்பா, இது நம்ம வீட்டுக் கல்லு" என்றாள்.

ஓடிப்போய்ப் பார்க்கவும் நேரமில்லை அண்ணே. பனிக்குள் கல் நெரிகிற சத்தம் வந்தது, முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. பிறகு அந்த வெள்ளிப் பல் வரிசை வந்தது, உள்ளே ஒருவரும் இல்லாமல், இஞ்சின் சத்தமில்லாமல், சிரித்துக்கொண்டே. செல்லையா ருக்குமணியைப் பிடித்து இழுத்தான். உங்கள் மாப்பிள்ளை இரண்டு கையையும் நீட்டி, "நில்லு, நில்லு" என்று காரைப் பார்த்து மாடு மறிக்கிற மாதிரி சொன்னார். அது ஈரச் சிமெண்டில் இரண்டு தடம் போட்டுக்கொண்டு வந்து, கோயில் சுவரோடு பதித்திருக்கிற மணிக் கம்பத்தில் தொம் என்று முட்டி நின்றது. மணி தானாக அடித்தது, ஒன்பது தடவை, நான் எண்ணினேன். கம்பம் நாலு விரல் சாய்ந்தது. அம்மன் சாயவில்லை, ஒரு மயிரிழைகூட அசையவில்லை, செல்லையா சொன்னது பொய். கோயில் சுவரில் கீறல்கூட இல்லை. ஆனால் தீபத்து வெளிச்சத்தில் பார்த்தபோது, ஒரு பூ கீழே கிடந்தது.

"விழுந்திருச்சு. வலது பக்கம் விழுந்திருச்சு. ரேடியோ" என்றார் உங்கள் மாப்பிள்ளை. கார் முட்டியதை அவர் மறந்தே போனார். நானும் பார்த்தேன், எங்களுக்கு வலது பக்கம்தான் கிடந்தது. ஆனால் அம்மன் எங்களைப் பார்த்து அல்லவா உட்கார்ந்திருக்கிறாள். எங்களுக்கு வலது என்றால் அவளுக்கு இடது.

"அது அம்மனுக்கு இடது தோளு. கூடாதுன்னு அர்த்தம்" என்றேன்.

"கேட்டது நாம. கும்பிடறது நாம. அப்ப நம்ம வலதுதானே கணக்கு?"

"தோளு யாருது?"

அவர் கருப்பையாவைப் பார்த்தார். கருப்பையா அம்மனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிராணியைப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குதுங்க கிராணி" என்றார். நியாயம் இரண்டு பக்கமும் இருக்கலாம், பூ ஒரு பக்கம்தானே விழுந்தது. நான் யாரையும் மிரட்டவில்லை. பூசைப் பையில் எப்போதும் இருக்கிற என் நோட்டை எடுத்தேன், அவ்வளவுதான். 1966-லிருந்து கோயிலில் நடக்கிற எல்லாவற்றையும், எத்தனை தேங்காய், யார் வந்தார்கள், அம்மன் என்ன சொன்னாள் என்று நான் எழுதி வைத்திருக்கிறேன் என்பது ஊருக்கே தெரியும். நாற்பத்தொன்றாம் பக்கம், 1972. தீபத்துக்குப் பக்கத்தில் பிடித்துச் சத்தமாகப் படித்தேன்: 'தீமிதியைச் சித்திரையில் வைக்கலாமா என்று கேட்டது. நமக்கு இடது, அம்மனுக்கு வலது தோளில் பூ விழுந்தது. சம்மதம் என்று முடிவு.' கீழே பூசாரி கருப்பையா கைநாட்டு. அதற்கும் கீழே, கோடு போட்டு, கோயில் செயலாளர் அமிர்தலிங்கம் கையெழுத்து.

உங்கள் மாப்பிள்ளை தன் கையெழுத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். "அந்த வருஷம் மழை பெஞ்சு தீக்குழியே அணைஞ்சு போச்சே" என்றார். "இந்த மலையில என்னைக்கு மழை பெய்யல" என்றேன். செல்லையா சிரித்துவிட்டு, இருமுகிற மாதிரி மாற்றிக்கொண்டான். ரேடியோ கேள்வி அதோடு தள்ளுபடி.

அடுத்தது யாருடைய யோசனை என்று கருப்பையா கேட்டார். பனி விளக்கு என்று சொல்ல வாயெடுத்த செல்லையா, கம்பத்தில் முட்டிக்கொண்டு நிற்கிற காரைப் பார்த்துவிட்டு, "அக்காவோட பிரேக்கைக் கேளுங்க பூசாரி, நாம எல்லாரும் உசுரோட இருக்கிறப்பவே" என்றான். ருக்குமணியும் தலையாட்டினாள். புதுப் பூ ஒட்டினார்கள். "தாயே, பிரேக் போடலாமா" என்று கேட்டார் கருப்பையா. இதற்கும் முக்கால் மணி நேரமா என்று ருக்குமணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அதற்குள் செல்லையாவும் உங்கள் மாப்பிள்ளையும் காரைத் தள்ளிப் பின்னுக்கு நகர்த்தப் போனார்கள். அவர்கள் ஒரு தள்ளு தள்ளியதும் சாய்ந்திருந்த கம்பம் டங்கென்று நிமிர்ந்தது, மணி ஒரே ஒரு தடவை அடித்தது, பூ விழுந்தது. அம்மனுக்கு வலது தோள். நான் அங்கேயே ஈரத்தில் விழுந்து கும்பிட்டேன். என் முழங்கால் தடமும் இப்போது அந்தச் சிமெண்டில் இருக்கிறது, கார் தடத்துக்குப் பக்கத்தில்.

திங்கட்கிழமை காலை காரைத் தானா ராத்தா பட்டறைக்குச் செல்லையா தன் லோரிக்குப் பின்னால் கயிறு கட்டி மெதுவாக இழுத்துப் போனான். பட்டறை முதலாளி சீனத் தவுக்கே நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்ததைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பொடியாக்கிக் காட்டினார். உங்கள் மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து அன்றைக்கு இரண்டு வாய்தான் சாப்பிட்டார். நாலு சக்கரத்துக்கும் புதுப் பிரேக், புதுக் குழாய், கை பிரேக்குக்குப் புதுக் கம்பி, எல்லாம் சேர்த்து இருநூற்று எழுபது வெள்ளி. மிச்சம் பதினாலு வெள்ளி டின்னில் இருக்கிறது. முன்பக்க வீக்கத்தைத் தட்டித் தரட்டுமா என்று தவுக்கே கேட்டதற்கு வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். அது அம்மன் வாசலில் பட்ட அடி, இருக்கட்டும்.

நேற்று மாட்டுப் பொங்கல். எங்களிடம் மாடு இல்லை. ஆகையால் உங்கள் மாப்பிள்ளை காரைக் குளிப்பாட்டி, முகத்துக்கு மஞ்சள் தடவி, இரண்டு விளக்குக்கும் பொட்டு வைத்து, திரிங்காப்பிலிருந்து வந்த சாமந்தியில் மாலை கட்டிப் போட்டார். ருக்குமணி ஒரு கரண்டிப் பொங்கலைக் கொண்டுவந்து இஞ்சின் மூடிமேல் வைத்துவிட்டு, "சாப்பிடுமா அக்கா" என்றாள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, ரிங்லெட் வரை இறங்கிப் பார்ப்போம் என்று மூவரும் புறப்பட்டோம். நவமணி பின்னால், நான் முன்னால். நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. வாந்தியும் வரவில்லை. ஏழாவது வளைவு திரும்பினால் எதிரே பாதையை அடைத்துக்கொண்டு லோரி. ஹாரன் அடிக்கக்கூட நேரமில்லை. உங்கள் மாப்பிள்ளை ஒரே ஒரு முறை அமுக்கினார். கார் நின்றது. நாலாவது முறை இல்லை அண்ணே, முதல் முறை. கழுத்து மாலை மட்டும் ஒரு ஆட்டம் ஆடியது.

லோரியிலிருந்து இறங்கியவன் செல்லையாவேதான். இரண்டு வண்டிக்கும் நடுவே குனிந்து பார்த்தான். பிறகு சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்துவிட்டு, "எறங்கி அளந்து பாருங்கக்கா" என்றான். அளந்தேன். என் கைக்கு ஒரு சாண், இரண்டு விரல். உங்கள் மாப்பிள்ளை ஸ்டியரிங்கை விடாமலே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பார்த்தியா செல்லையா. பிரேக்குதான் முதல்ல போடணும்னு நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார். செல்லையா என்னைப் பார்த்தான். வீட்டுக்கு வந்து நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்துவிட்டேன், இன்னும் ஆறு வருஷம் கழித்து உதவும்.

ஆகவே அண்ணே, நீங்கள் நிம்மதியாக இருங்கள். மூன்றாம் தேதி விடியற்காலை ஆறு மணிக்கு உங்கள் தெருமுனையில் ஒரு பச்சைக் கார் திரும்பும். பாட்டுச் சத்தம் இருக்காது. ஆனால் உங்கள் வாசலுக்கு நேராக, ஒரு அங்குலம் முன்னேயும் இல்லாமல் பின்னேயும் இல்லாமல் நிற்கும். அண்ணியின் தங்கச்சியை வாசலிலேயே நிற்கச் சொல்லுங்கள், என் பக்கக் கதவை யாராவது வெளியிலிருந்து திறக்க வேண்டும். பால் பானையை நான் கொண்டுவருகிறேன், நீங்கள் வாங்க வேண்டாம். அண்ணிக்கு என் அன்பும், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதமும், புது வீட்டின் நிலைப்படிக்கு என் மஞ்சள் குங்குமமும். நூறு வருஷம் அந்த வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் அன்புத் தங்கை,
வடிவம்மாள் அமிர்தலிங்கம்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால், 1972 என்று எழுதியது சரிதானா என்று நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். பத்தொன்பதாம் பக்கம், 1969. என் கையெழுத்துதான். 'கோயிலுக்குத் தகரக் கூரை போடலாமா என்று கேட்டது. நமக்கு வலது பக்கம் பூ விழுந்தது. சம்மதம் என்று முடிவு.' கூரை போட்டோம் அண்ணே, ஒன்பது வருஷமாக ஒரு சொட்டு ஒழுகவில்லை. அம்மனுக்கு வலது என்று எடுத்துக்கொண்ட 1972-ல்தான் தீக்குழி அணைந்தது. அப்படியென்றால் நமக்கு வலதுதான் சரியோ என்னவோ. அது சரி என்றால் அம்மன் ரேடியோ வை என்று சொல்லியிருக்கிறாள், பிரேக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள், நான் இரண்டையும் தலைகீழாகச் செய்துவிட்டு முழங்கால் தடம் வேறு பதித்திருக்கிறேன். உங்கள் மாப்பிள்ளையிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் உங்கள் ஊர்ப் பெரிய கோயில் குருக்களிடம், யாருக்கு என்று சொல்லாமல், பூ கேட்கும்போது எந்த வலது கணக்கு என்று கேட்டு எழுதுங்கள். நமக்கு வலது என்று அவர் சொல்லிவிட்டால், நீங்கள் உங்கள் கடையில் வைத்துக் கேட்கிற அந்தச் சின்ன பேட்டரி ரேடியோவைச் செல்லையாவிடம் கொடுத்தனுப்புங்கள், நவமணி மடியில் வைத்துக்கொண்டு வரட்டும். காருக்கு ரேடியோ வைக்கலாமா என்றுதானே கேட்டோம், எங்கே வைப்பது என்று கேட்கவில்லையே. பிரேக் போட்ட குற்றத்துக்கு ஒன்பது வெள்ளிக்கிழமை நெய் விளக்கு போடுவதாக வேண்டிக்கொண்டுவிட்டேன். ஆனால் இறங்கும்போது அமுக்கத்தான் செய்வோம். பதிலைச் சீக்கிரம் எழுதிப் போடுங்கள்.